மௌல்டாஷனுக்குள் குந்த்ருக்: ஸ்டுட்கார்ட் சமையல் வகுப்பு ஒன்றின் மதிப்புரை

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நேபாளத் தம்பதியர் நடத்தும் சிறிய உணவகம் ஒன்றில், மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரச் சமையல் வகுப்பு நடக்கிறது. நேபாளத்தின் ஜோல் மோமோவையும் (ஜோல் என்றால் சாறு), இப்பகுதி ஸ்வேபிய மக்கள் தங்கள் சொத்தாகவே கருதும் மௌல்டாஷனையும் ஒரே கிண்ணத்தில் சேர்ப்பதுதான் பாடம். ஆளுக்கு 65 யூரோ கட்டணம்; சமைத்ததை அங்கேயே சாப்பிடலாம். சென்ற மாதம் போய் வந்தேன்.

இரண்டுமே கோதுமை மாவுக்குள் பூரணம் வைத்து மூடுபவை, இரண்டையுமே சாற்றில் மிதக்கவிட்டுப் பரிமாறும் வழக்கம் உண்டு என்பதால், இந்த இணைப்பு முதல் பார்வையில் எளிதாகத் தோன்றும். அடுப்படிக்குப் போனால்தான் சிக்கல் தெரிகிறது. மோமோ மாவில் மைதாவும் தண்ணீருமே இருக்கும். அது ஆவியில் வேகும். மௌல்டாஷன் மாவில் முட்டை சேரும். அது தளதளவென்று கொதிக்காத சாற்றில் மெதுவாக வேகும். தவக்காலத்தில் இறைச்சி விலக்கப்பட்டிருந்த மௌல்பிரான் மடத்துத் துறவிகள், அதைக் கீரையோடு கொத்திக் கலந்து மாவுக்குள் ஒளித்தார்கள் என்றொரு கதை உண்டு. ஆண்டவனை ஏய்ப்பது என்னும் பொருளில் இந்தப் பண்டத்துக்குச் செல்லப்பெயரும் வழங்குகிறது. 2009 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றுள்ள உணவில் கை வைப்பதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

வகுப்பில் முட்டை சேர்த்த மாவையே மோமோ வடிவில் மடித்து ஆவியில் வைத்தோம். இடது கட்டைவிரலால் பூரணத்தை அமுக்கிக்கொண்டே வலது கை விரல்களால் விளிம்பைக் கொசுவம்போல் சேர்த்துச் சுற்றிவர வேண்டும் என்று உணவகத்தை நடத்தும் அம்மையார் பொறுமையாகக் காட்டினார். அவர் கையில் பதினாறு மடிப்பு விழுந்தது. என் கையில் ஏழைத் தாண்டவில்லை. ஆனால் வெந்து வந்தபோது, அவருடையதும் என்னுடையதும் உச்சி முடிச்சில் தோல்போல் இழுத்தன. மீதமிருந்த மூன்றை அவர் அனுமதியுடன் நேராகச் சாற்றில் போட்டு வேகவைத்தேன். அவை மெத்தென்று வந்தன. இந்த மாவுக்கு ஆவி ஒத்துவரவில்லை என்பது என் கணிப்பு.

பூரணமே இந்த வகுப்பின் உயிர். மௌல்டாஷனில் வழக்கமாகச் சேரும் பசலைக் கீரைக்குப் பதிலாக, ஊறவைத்துப் பிழிந்து நறுக்கிய குந்த்ருக்கைச் சேர்த்திருந்தார்கள். கடுகு, முள்ளங்கி ஆகியவற்றின் இலைகளை வாடவைத்து, நசுக்கி, உப்பே சேர்க்காமல் பானையில் இறுக அடைத்துப் புளிக்கவிட்டு, பிறகு வெயிலில் காயவைப்பது குந்த்ருக். ஜெர்மானியர் முட்டைக்கோஸைச் சீவி உப்பிட்டுப் புளிக்கவைக்கும் சவர்க்ரௌட்டும் அதே லாக்டிக் அமிலப் புளிப்புதான். அது ஈரமாகவே நிற்கிறது, இது சருகாகிறது. ஊறிய ரொட்டியும் சாதிக்காயும் கலந்த பன்றி இறைச்சியில் இந்தச் சருகு சேர்ந்தபோது, புகையும் மண்ணும் கலந்தாற்போன்ற ஒரு புளிப்பு வந்தது. என் அருகில் நின்ற ஸ்வேபிய மூதாட்டி கடித்துப் பார்த்து, தம் வீட்டு நிலவறையில் இருந்த முட்டைக்கோஸ் சாடியின் வாசனை என்றார். வடிவத்தில் கிடைக்காத ஒட்டுறவு அந்த ஒரு வாயில் கிடைத்தது.

சாறு அந்த அளவுக்கு இல்லை. தக்காளியும் வறுத்தரைத்த எள்ளும் சேர்ந்த ஜோலை மாட்டெலும்புச் சாற்றில் கரைத்ததும், வெங்காய இனத்து இமயமலை மூலிகையான ஜிம்புவை நெய்யில் தாளித்ததும் சரியே. நாக்கை மரத்துப்போகச் செய்ய வேண்டிய திமூர் என்னும் நேபாள மிளகு மட்டும் பழசாகி வாசனை இழந்திருந்தது. பூரணத்துச் சாதிக்காயே மேலோங்கியது.

பதினான்கு பேருக்கு இரண்டே அடுப்புகள் என்பதால் அரை மணி நேரம் வெறுமனே நின்றோம். கையில் தந்த செய்முறைத் தாளில், குந்த்ருக்கை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்ற முக்கியமான விவரமே இல்லை. கேட்டதற்கு, விரலால் நசுக்கினால் நரம்பு மசிய வேண்டும், அதுதான் கணக்கு என்றார் அந்த அம்மையார். ஆள் எண்ணிக்கையை எட்டாகக் குறைத்தால் இதே கட்டணத்துக்கு இன்னொரு முறை போவேன். இப்போதைக்கு, அவரிடமே விலைக்கு வாங்கிய குந்த்ருக் பொட்டலம் ஒன்று வீட்டில் இருக்கிறது.