பெருவெடிப்பும் தொடக்க நூலும்: எங்கள் பங்கின் சனிக்கிழமை வகுப்பு எப்படி?

புதுச்சேரியில் எங்கள் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிரபஞ்சத் தோற்றமும் விசுவாசமும் பற்றி ஒரு வகுப்பு நடக்கிறது. ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் எடுக்கிறார், கட்டணம் கிடையாது. பிளஸ் டூ படிக்கிற மகளோடு போய் வந்தேன். பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், தாராளமாகப் போங்கள்.

மிகச் சிறிய, அடர்ந்த நிலையிலிருந்து பிரபஞ்சம் விரிந்து வந்தது என்கிற பெருவெடிப்புக் கொள்கைக்கு விதை போட்டவரே பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு என்பது மண்டபத்தில் பலருக்குப் புதுச் செய்தி. ஜார்ஜ் லெமேத்ர் 1923இல் குருப்பட்டம் பெற்றவர். பிரபஞ்சம் விரிகிறது என்று கணக்குப் போட்டு 1927இலேயே கட்டுரை வெளியிட்டார், இதில் பலரும் பெயர் சொல்கிற அமெரிக்க வானியலாளர் ஹபிளின் கட்டுரை வந்தது 1929இல். நம்ம சாமியார் கண்டுபிடித்தது என்று கைதட்ட வைத்துவிட்டுப் போயிருக்கலாம், பேராசிரியர் அப்படிச் செய்யாததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், கடவுள் ஒளியைப் படைத்த அந்தத் தொடக்கத்துக்கு அறிவியலே சாட்சி சொல்வதுபோல் பேசினார், லெமேத்ருக்கு அதில் உடன்பாடு இல்லை. கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் தன் கொள்கை போகவே இல்லை என்பது அவர் நிலை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. விசுவாசத்தைக் கொண்டுபோய் ஒரு அறிவியல் கொள்கையில் கட்டிவைத்தால், நாளை அந்தக் கொள்கையைத் திருத்தும்போது நம் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்?

பைபிளின் முதல் புத்தகமான தொடக்க நூல் சொல்கிற ஆறு நாள் படைப்பைப் பற்றிய பகுதியும் நன்றாக இருந்தது. கதிரவன் படைக்கப்பட்டதே நான்காம் நாளில், அப்படியானால் முதல் மூன்று நாளும் எந்தக் கணக்கில் நாள் என்று 1600 வருடத்துக்கு முன்பே புனித அகுஸ்தினார் யோசித்திருக்கிறார். டார்வினுக்குப் பயந்து சபை சொன்ன சமாளிப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அப்புறம், பெருவெடிப்பின் மிச்சமாக விண்வெளியெங்கும் பரவியிருக்கிற, 1965இல் அறிவிக்கப்பட்ட பின்னணிக் கதிர்வீச்சு, 1380 கோடி ஆண்டு என்ற பிரபஞ்சத்தின் வயது எல்லாம் கொஞ்சம் வேகமாக ஓடின. அந்தக் கதிர்வீச்சுச் செய்தி லெமேத்ரின் காதுக்கு 1966இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தது என்று சொன்னபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குறையும் உண்டு. திரையில் வந்ததெல்லாம் ஆங்கிலம், பின்வரிசைப் பெரியவர்கள் திணறினார்கள். கேள்வி நேரம் போதவே இல்லை. ஆதாமையும் பரிணாமத்தையும் பற்றி ஒரு பாட்டி கேட்டதற்கு அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள், அந்த அடுத்த வாரம் வரவில்லை. வீட்டில் பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது அதைத்தான், அதற்கே ஒரு முழு மாலை ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று, 1689இல் இதே புதுச்சேரியிலிருந்து தொலைநோக்கியில் பார்த்து, ஆல்ஃபா சென்டாரி ஒற்றை விண்மீன் இல்லை, இரட்டை என்று கண்டவர் ழான் ரிஷோ என்ற இயேசு சபைக் குரு. நம்ம ஊர் விஷயம், வகுப்பில் ஒரு வரி கூட வரவில்லை. அடுத்த முறை சேர்த்துக்கொள்ளும்படி பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.