மார்வெல் லெஜண்ட்ஸ் ஃபிகர்: மூட்டு அருமை, முகத்தைப் பார்த்து வாங்குங்கள்

பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் 6 அங்குல மார்வெல் லெஜண்ட்ஸ் வரிசையில், அதாவது கை கால் மடங்கும் சூப்பர்ஹீரோ பொம்மைகளில் (ஃபிகர்களில்), இப்போது வருபவை எப்படி என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது முழங்கையையும் முழங்காலையும்தான். பழைய ஃபிகர்களில் மூட்டைக் கோர்க்கும் பின்னின் தலை வெளியே வட்டமாகத் தெரியும், ஸ்பைடர்மேன் மாதிரி சிவப்பும் நீலமும் சந்திக்கிற உடையில் அது கண்ணை உறுத்தும், சட்டை போடாத பாத்திரம் என்றால் கையில் ஆணி அடித்தது போலவே இருக்கும். பின்னின் தலை வெளியே தெரியாத மூட்டு வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு இடத்தில் மடங்கும் இரட்டை மூட்டும் அப்படியே இருப்பதால் நன்றாக மடங்குகிறது.

ஒரே உடல் அச்சுக்குத் தலையையும் நிறத்தையும் மாற்றி விற்கிறார்கள் என்று சேகரிப்பாளர்கள் பலருக்குக் கோபம். எனக்கு இல்லை. ஒட்டிய உடை போட்ட ஹீரோக்களுக்கு அது பொருந்துகிறது, அப்படிச் செய்யாவிட்டால் அதிகம் பேர் அறியாத பாத்திரங்கள் வெளிவரவே வராது. ஆனால் அதிக விலை வைத்துவிட்டு, கழற்றி மாட்டும் மாற்றுக் கை ஒரு ஜோடி கூடத் தராமல் விட்டால் அது அநியாயம்.

முகம்தான் பெரிய பிரச்சினை. டிஜிட்டல் அச்சில் வரும் முகம் சரியாக விழுந்தால் நடிகரே நிற்பது போல இருக்கும், மயிரிழை நகர்ந்தாலும் பார்வை கோணிவிடும். அதனால்தான் 2022-ல் உள்ளே பார்க்கும் பிளாஸ்டிக் ஜன்னல் இல்லாத மூடிய அட்டைப் பெட்டி வந்தபோது அவ்வளவு எதிர்ப்பு: பெயிண்ட்டைப் பார்க்க முடியாது, உள்ளே வேறு பொம்மையை வைத்துக் கடையில் திருப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டு. பிளாஸ்டிக்கைக் குறைக்கும் எண்ணம் நல்லதுதான், 2023-ல் மறுசுழற்சி பிளாஸ்டிக்கிலும் தாவர மூலப் பிளாஸ்டிக்கிலும் ஜன்னலைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்களே, அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

பேட்மேன், சூப்பர்மேன் வரும் டிசி பக்கம் மெக்ஃபார்லேன் நிறுவனம் 2020 முதல் விட்ட ஃபிகர்களில் தோல் சுருக்கம், துணி மடிப்பு எல்லாம் இதைவிட நுணுக்கம். ஆனால் அவை 7 அங்குலம், இவற்றோடு ஒரே தட்டில் வைத்தால் அளவு ஒட்டாது. குனிந்து பாய்கிற நிலையும் அவற்றில் பலவற்றுக்குச் சரியாக வராது, எனக்கு அதுதான் முக்கியம்.

அப்புறம், மூட்டு இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள், உடைந்துவிடும். சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து மெதுவாக அசையுங்கள். பொம்மையின் வளைந்த வாளையும் அதேபோலச் சுடுதண்ணீரில் வைத்து நிமிர்த்தி உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நேராக நிற்கும்.