ஸ்ட்ரா ஊதலா, ரப்பர் வளைய டின்னா?

பினாங்கில் பள்ளி விடுமுறையின்போது பிள்ளைகளுக்கு ஒலியை விளக்க, அடுக்களையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவோ, தே தாரிக் (இழுத்து ஆற்றும் பால்தேநீர்) கலக்கிக் காலியான கெட்டிப்பால் டின்னோ போதும்.

ஸ்ட்ராவின் ஒரு முனையைப் பல்லால் கடித்துத் தட்டையாக்கி, இரு ஓரங்களையும் சாய்வாக நறுக்கி, உதடுகளுக்குச் சற்று உள்ளே வைத்து ஊதினால், இரண்டு நாக்குகளும் படபடவென அடித்துக்கொண்டு வாத்துக் குரலில் கத்தும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் கேட்கும் நாதசுரத்தின் சீவாளியும் (வாயில் வைத்து ஊதும் இரட்டை நாக்கு) இப்படித்தான் அதிர்கிறது. ஊதிக்கொண்டே மறுமுனையை நறுக்கி வந்தால், உள்ளிருக்கும் காற்றுத்தம்பம் குறுகக் குறுகச் சுருதி ஏறும், 20 செ.மீ. குழல் 10 செ.மீ. ஆகும்போது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ச-விலிருந்து மேல் ச வரை) மேலே போய்விடும். காகித ஸ்ட்ரா எச்சிலில் ஊறிவிடும் என்பதால் வேண்டாம்.

டின்னின் கூரிய விளிம்பில் டேப் ஒட்டி, வாய்க்குக் குறுக்கே ரப்பர் வளையத்தை மாட்டிச் சுண்டினால் சத்தம் சிறிதுதான். ஆனால் ரப்பர் மங்கலான பட்டையாக அகன்று ஒடுங்குவது கண்ணுக்கே தெரியும், டின்னைத் தொட்டால் விரல் கூசும். நடுவில் பென்சிலால் அழுத்தினால் சுருதி ஏறும். அதே வளையத்தை விரல்களுக்கிடையே மேலும் மேலும் இழுத்துச் சுண்டினாலோ, விறைப்போடு நீளமும் கூடுவதால், சுருதி நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு ஏறுவதில்லை.

அதிர்வைக் கண்ணால் பார்க்க வேண்டிய சிறு பிள்ளைக்கு நான் டின்னையே முதலில் கொடுப்பேன். அடுக்குமாடி வீட்டில் மதிய உறக்கத்திலிருக்கும் பாட்டியும் அதையே விரும்புவார்.