ஐப்பசி முதல் தை வரை: எந்த ஜன்னலுக்கு எந்த மோட்டார் திரை?

மோட்டாரால் இயங்கும் ஜன்னல் திரைகளின் விளக்கக் கையேட்டில் குளிர்காலப் பயன்கள் என்ற பக்கத்தைப் புரட்டினால், அது நமக்காக எழுதப்படவில்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். டிசம்பர் 21 அன்று லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. சென்னையில் அதே நாளில் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம் பகல் இருக்கிறது. அங்கே இரவு முழுவதும் கண்ணாடி வழியாக வீட்டின் சூடு வெளியேறுவதால், பொழுது சாய்ந்ததும் தானாக மூடிக்கொள்ளும் திரை வெப்பத்தைக் காக்கிறது. இங்கே மார்கழி விடியலிலும் வீட்டுக்கு உள்ளும் வெளியும் வித்தியாசம் சில டிகிரிதான். நம் வீடுகளை இருட்டாக்குவது வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும் ஊரில், நண்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாட்கள் ஐந்தாறாவது வந்துவிடுகின்றன.

ஆகவே, சென்னையில் இந்தத் திரைகளை எடைபோட மூன்று கேள்விகள் போதும் என்பது என் கணிப்பு. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைத் திரை எவ்வளவு உள்ளே விடுகிறது? மாலை ஆறு மணிக்கு முன்பே விளக்குப் போட வேண்டிய மாதங்களில், எதிர்வீட்டாரின் கண்ணுக்கு நம் கூடத்தை எப்படி மறைக்கிறது? மின்சாரம் போனால் என்ன ஆகும்? மேற்கு மாம்பலத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு மழைக்காலங்களாக இவற்றைப் பொருத்தியும் கழற்றியும் பார்த்ததில், மூன்றாவது கேள்விதான் பல முடிவுகளை மாற்றியது.

முதல் போட்டி, மேலிருந்து சுருண்டு இறங்கும் ரோலர் பிளைண்டுக்கும், ஜன்னலுக்கு மேலே ட்ராக் என்ற தண்டவாளத்தில் மோட்டார் இழுக்கப் பக்கவாட்டில் விலகும் ட்ராக் திரைச்சீலைக்கும் இடையே. முழுதாகத் திறந்தால் ரோலர்தான் முன்னிலையில் நிற்கும். நாலு அங்குலச் சுருளாக மேலே ஒடுங்கிக் கண்ணாடி முழுவதையும் விட்டுவிடும். திரைச்சீலை இரு பக்கமும் மடிந்து குவியும். ஜன்னலின் அகலத்துக்கே ட்ராக்கை வெட்டிப் பொருத்தினால் அந்தக் குவியல் கண்ணாடியின் ஓரங்களை ஆண்டு முழுவதும் மறைத்துக்கொண்டே இருக்கும். இரு பக்கமும் ஓர் அடியாவது கூடுதலாக ட்ராக் போட்டால் இந்தக் குறை தீரும். ஆனால் நாம் பெரும்பாலும் திரையை முழுதாகத் திறப்பதில்லை, பாதி திறக்கிறோம். அந்தப் பாதியில்தான் தராசு சாய்கிறது. வானம் முழுவதும் மேகம் மூடிய நாளில் உச்சி வானம் அடிவானத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். எனவே, சன்ஷேட் மறைத்தது போக மிஞ்சும் வெளிச்சத்தில் பெரும்பங்கு ஜன்னலின் மேல்பகுதி வழியாகவே வருகிறது. ரோலரைப் பாதி இறக்கினால் முதலில் மறைவது அந்த மேல்பகுதிதான்; திரைச்சீலையைப் பாதி விலக்கினால் மேலிருந்து கீழ் வரை ஒரு நெடும் பட்டை திறந்தே இருக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தது அம்மா படிக்கும் நாளிதழ்தான்: ஒரே மழை நாளில், ரோலர் பாதி இறங்கிய அறையில் அம்மாவுக்கு எழுத்து தெரியவில்லை, திரைச்சீலை பாதி விலகிய கூடத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டார்.

மழை விட்ட நாட்களில் கணக்கு வேறு. மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஜூன் மாதத்தில் அது தலைக்கு மேலே வந்து, வடக்கே சற்று விலகியும் போகிறது. தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேட் இருந்தாலும், கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே மார்கழி வெயில் தரையில் வந்து விழும். பாதி இறங்கிய ரோலர் அந்தக் கீழ்ப்பகுதியை மறைப்பதில்லை என்பதால், அப்போது அது சரியாக வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாலை வேளையைப் பொறுத்தவரை, ரோலர் வாங்குகிறவர்கள் துணியில்தான் ஏமாறுகிறார்கள். பகலில் வெளியே தெரியவும் கண் கூசாமல் இருக்கவும் என்று கடைக்காரர் காட்டும் ஸ்கிரீன் துணியில், நூற்றுக்கு மூன்று அல்லது ஐந்து பங்கு நுண்துளைகள் உண்டு. பகலில் நாம் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்பவர் உள்ளே பார்க்க முடியாது. விளக்குப் போட்டதும் இது அப்படியே தலைகீழாகிவிடும். கை நீட்டினால் அடுத்த வீட்டுப் பால்கனியைத் தொட்டுவிடலாம் என்கிற தெருக்களில், நவம்பரில் ஐந்தே முக்காலுக்கு விளக்குப் போட்டவுடன் கூடத்தில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுகூடத் தெரியும். கனத்த துணித் திரைச்சீலைக்கோ, ஒளிபுகாத துணி போட்ட ரோலருக்கோ இந்தச் சிக்கல் இல்லை. மழை நின்ற இரவில் ஈசல் விளக்கைத் தேடி வருவதையும் அவை ஓரளவு குறைக்கின்றன.

இனி மின்சாரம். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று இரண்டு புயல்களைச் சொன்னாலே போதும், சென்னைவாசிக்கு மற்றது நினைவுக்கு வந்துவிடும். 230 வோல்ட் இணைப்பில் ஓடும் ரோலர் மோட்டாரைக் கையால் அசைக்க முடியாது. குழாய்க்குள் இருக்கும் மோட்டார் எங்கே நின்றதோ அங்கேயே பிடித்துக்கொள்ளும். இருட்டான பகலில் திரை கீழே இறங்கியிருக்கும்போது மின்சாரம் போனால், இன்வெர்ட்டர் லைனில் இணைக்காதவர் மெழுகுவத்தி ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். ட்ராக் மோட்டாரின் பெரிய பலம் இதற்கு நேர்மாறானது. பெரும்பாலான மாடல்களில் துணியை ஒரு சாண் இழுத்தால் மோட்டார் புரிந்துகொண்டு மீதித் தூரத்தைத் தானே ஓட்டும். மின்சாரமே இல்லையென்றால் சாதாரணத் திரைச்சீலையைப் போலக் கையாலேயே விலக்கிவிடலாம்.

பேட்டரி ரோலர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் மின்தடை அதைத் தொடுவதில்லை. பழைய அடுக்குமாடி வீடுகளில் ஜன்னலுக்கு மேலே பிளக் பாயின்ட் இருப்பதே அபூர்வம். சுவரை உடைத்தோ, கேசிங் ஒட்டியோ வயர் இழுக்கும் வேலையும் இதில் மிச்சம். தினமும் ஒருமுறை ஏற்றி இறக்கினால் சில மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் போதும். ஆனால் இழுவிசை குறைவு. ஐந்தடிக்கு மேல் அகலமான ஜன்னலில் கனத்த துணியைப் போட்டால் திணறுகிறது. ஐப்பசி பிறப்பதற்கு முன்பு சார்ஜ் போட்டுவைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளாவிட்டால், தேவையான அன்று பார்த்து அது ‘கீங்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நிற்கும்.

வயர் மோட்டாரைப் பொருத்த வந்தவரோடு நடந்ததையும் சொல்ல வேண்டும். திரை எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று லிமிட் செட் செய்வதற்காக அவர் அதை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று மோட்டார் நின்றது. “சார், இது எரிஞ்சிடுச்சு, வேற போடணும்” என்று புதிய மோட்டாருக்கு விலையும் சொல்லிவிட்டார். குழாய் மோட்டார்கள் தொடர்ந்து நான்கு நிமிடம் அளவுக்கே ஓடும்படி செய்யப்படுகின்றன. சூடு ஏறினால் தானே அணைந்து, ஆறியதும் மறுபடி ஓடும். காபி குடித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினோம், ஏறியது. அவரும் சிரித்துவிட்டார். பொருத்துகிறவர் கிளம்புமுன் அரைமணி நேரம் பொறுத்து ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

பழைய திரைச்சீலைக் கம்பியிலேயே மாட்டி ஓட்டும் சிறிய கருவிகளும் வந்துவிட்டன. வாடகை வீட்டுக்கு ஏற்றவை, செலவும் குறைவு. நம் ஊரில் கம்பிகளை நடுவில் ஒட்டுப் போட்டு நீட்டியிருப்பார்கள். அந்த ஒட்டில் ஏறமுடியாமல் கருவி மாட்டிக்கொள்கிறது. ஒட்டில்லாத ஒரே கம்பி இருந்தால் மட்டுமே இதை யோசிக்கலாம்.

வெனிஷியன் திரையின் சாய்த்துத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பட்டைகள் வெளிச்சத்தைக் கூரையை நோக்கித் திருப்பி அறை முழுவதும் பரப்புவதில் கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் தெருத் தூசியைத் துடைத்து மாளாது. மழைக்காலத்தில் மரப்பட்டை வளையும், கடலோரப் பகுதிகளில் மேற்சட்டத்தின் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். ஒளி புகும் பட்டையும் புகாத பட்டையும் மாறி மாறி வரும் ஜீப்ரா பிளைண்டில் இரு துணிகளின் பட்டைகள் நேர்க்கோட்டில் வந்து நிற்க வேண்டும். மலிவான மோட்டார் நாளாக நாளாக அந்த இடத்தைத் தவறவிடும். தேன்கூட்டு அறைகளில் காற்றை அடைத்துவைக்கும் ஹனிகூம்ப் வகை, கனடாக் குளிருக்கும் நம் சித்திரை ஏசிக்கும் பொருந்துமே தவிர மார்கழிக்கு வீண் செலவு. ஒரு விதிவிலக்கு உண்டு: கீழ்ப்பாதியை மூடிக்கொண்டு மேல்பாதியை மட்டும் திறக்கும் ரகம். மழை வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கே திறக்கும், எதிர்வீட்டுப் பார்வை எங்கே விழுகிறதோ அங்கே மூடும். விலை மட்டும் குறைந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

பூஞ்சை பற்றி ஒரு சொல். பருத்தித் திரைச்சீலை நவம்பரில் ஈரத்தைக் குடித்து நெடியடிக்கும். அதை வீட்டிலேயே கழற்றித் துவைக்கலாம் என்பது ஆறுதல். ரோலர் துணியைத் துடைக்க மட்டுமே முடியும். ஈரத்தோடு சுருட்டிவிட்டால் உள்ளே கரும்புள்ளிகள் வந்துவிடும்.

இத்தனைக்கும் மோட்டார் எதற்கு என்றால், காலை நேரத்துக்காக. உடலின் நாளொழுங்கைச் சரிசெய்வதில் விடியல் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உயிரணுக்களுக்குள் அந்தக் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் 2017ஆம் ஆண்டு மூவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. தோள்பட்டை வலியால் கையைத் தூக்க முடியாத அம்மா, சங்கிலியை இழுக்க ஆள் வரும்வரை இருட்டில் படுத்திருந்தது முன்பு வழக்கம். கிழக்கு ஜன்னலில் பேட்டரி ரோலரை மாட்டி ஆறரைக்குத் திறக்கும்படி வைத்த முதல் நாள், “ஏன்டா, ஆளே இல்லாம தானா தொறக்குது, திக்குன்னு இருக்கு” என்றார். மறுவாரம், ஆறேகாலுக்கு மாற்றச் சொன்னார். தை மாதம் சூரியன் இன்னும் தாமதமாக வரும் என்று சொல்லியும் கேட்கவில்லை.

கூடத்துத் தெற்கு ஜன்னலுக்கு இன்வெர்ட்டர் லைனில் இணைத்த ட்ராக் திரைச்சீலை, அம்மாவின் அறைக்கு ஒளிபுகாத துணி போட்ட பேட்டரி ரோலர் என்று முடிவாகிவிட்டது. மூன்றாவது அறையில் பழைய சங்கிலி ரோலரே இருக்கிறது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைக்கூட விட்டுவைக்கக் கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்துக்காகவே அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல் ஆயத்தமாக விற்கும் திரைகளில் குழந்தைக்கு எட்டும்படி கயிறு தொங்கக் கூடாது என்று தரநிலை வகுத்தார்கள். அக்காவின் பேரன் பொங்கலுக்கு வரும்போது நாங்கள் அந்தச் சங்கிலியைச் சுருட்டி மேலே ஆணியில் மாட்டிவிடுகிறோம்.