சக்கரம் உள்ளே போகவில்லை: திரும்புவதா, போய்ச் சேர்வதா?

விமானம் டேக் ஆஃப் ஆனதும் சக்கரத்தை உள்ளிழுக்கும் லீவரைத் தூக்குகிறோம், சக்கரங்கள் உள்ளே போகவில்லை. எஞ்சினில் குறையில்லை, விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இனி என்ன? வீட்டு சிமுலேட்டரில் ஏர்பஸ் ஏ320 விமானத்தை வைத்துச் சென்னை–டெல்லி வழியில் இந்தக் கோளாறைப் போட்டுப் பறந்தபோது நான் திரும்பிவிட்டேன். இன்றைக்கும் என் கட்சி அதுதான்.

தொடர்ந்து போவதிலும் நியாயம் இருக்கிறது. பயணிகள் நடுவழியில் தவிக்க வேண்டாம், போகிற ஊர் விமான நிறுவனத்தின் சொந்தத் தளமென்றால் பழுது பார்க்கும் ஆட்களும் உதிரி பாகமும் அங்கே தயாராக இருக்கும். வேகம் குறையும், ஏ320-இல் சக்கரம் வெளியே இருந்தால் 25,000 அடிக்கு மேல் போகக் கூடாது. இதையெல்லாம் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது எரிபொருள். அதைவிட மோசம், எரிபொருள் பற்றி விமானத்தின் கணினி சொல்லும் கணக்கு. சிமுலேட்டரில் திரும்புவதற்கு முன் திரையைப் பார்த்தேன்: டெல்லியில் இறங்கும்போது மிச்சம் இவ்வளவு இருக்கும் என்று நிறைவான ஓர் எண், எதுவுமே நடக்காததுபோல. ஃப்யூவல் ஃப்ளோவோ, அதாவது எரிபொருள் செலவாகும் வேகமோ, வழக்கத்தைவிட எங்கேயோ போய்விட்டது. சக்கரம் வெளியே தொங்குவதால் வரும் காற்றுத் தடையை அந்தக் கணிப்பு கணக்கிலேயே எடுப்பதில்லை. கையால் கணக்குப் போட வேண்டும், அதுவும் வேறு பத்து வேலைகளுக்கு நடுவில்.

2000 ஜூலை 12 அன்று ஜெர்மன் விமான நிறுவனமான ஹபக்-லாய்டின் ஏர்பஸ் ஏ310 ஒன்றுக்கு இதுதான் நடந்தது. கிரேக்க நாட்டு கிரீட் தீவின் சானியாவிலிருந்து ஜெர்மனியின் ஹனோவருக்குக் கிளம்பிய விமானம், சக்கரம் முழுதாக உள்ளே போகவில்லை. திரும்பாமல் போனார்கள். ஹனோவர் எட்டாது என்று தெரிந்ததும் மியூனிக், அதுவும் எட்டாது என்றதும் வியன்னா. விமான மேலாண்மைக் கணினியின் எரிபொருள் கணிப்பை நம்பியதுதான் வினை. வியன்னா ஓடுபாதையைத் தொடுவதற்குச் சில நூறு மீட்டர் முன்பாகவே, எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்ற நிலையில், தரையில் விழுந்தது. உள்ளே இருந்த 151 பேரும் உயிர் பிழைத்தார்கள். ஹனோவருக்கு சுமார் 2,200 கிலோமீட்டர், வியன்னாவுக்கு சுமார் 1,500 என்பதை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் சக்கரம் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது புரியும்.

2017 ஜூலையில் ஏர் இந்தியாவின் கொல்கத்தா–மும்பை ஏ320-இல் கோளாறே இல்லை, சக்கரத்தை உள்ளிழுக்க மறந்துவிட்டார்கள். சுமார் 24,000 அடியில், 230 நாட் என்ற குறைந்த வேகத்தில் பறந்து, எரிபொருள் போதாமல் நாக்பூருக்குத் திருப்பினார்கள். காரணம் வேறு, ஆனால் கழுத்தைப் பிடித்தது அதே எரிபொருள்தான்.

சரி, திரும்பினால் மட்டும் உடனே இறங்கிவிடலாமா? டேங்க் நிறைய எரிபொருளோடு எடை அதிகம். ஏ320-இல் டேக் ஆஃப் எடை 79 டன் வரை போகும், இறங்கும் எடை வரம்பு 66 டன் அளவில், ரகத்துக்கு ரகம் மாறும். ஏ320, போயிங் 737 போன்றவற்றில் எரிபொருளைக் கொட்டிவிடும் வசதி கிடையாது. அவசரமென்றால் அதே எடையில் மெதுவாக இறக்கி, பிறகு பரிசோதிக்கலாம். அவசரம் இல்லையென்றால் சுற்றிச் சுற்றி எரிக்க வேண்டும். 2005-இல் முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்ட, அமெரிக்காவின் ஜெட்புளூ நிறுவன ஏ320 மணிக்கணக்கில் சுற்றித்தான் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியது. 2024 அக்டோபர் 11 மாலை ஹைட்ராலிக் (திரவ அழுத்த அமைப்பு) கோளாறோடு திருச்சி வானில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றிய ஷார்ஜா விமானம் நமக்கெல்லாம் நினைவிருக்கும், அங்கேயும் எடையைக் குறைக்கத்தான் அந்தச் சுற்று. இங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: வெளியே தொங்கும் சக்கரம் எரிபொருளை வேகமாகத் தின்பது, போய்ச் சேர நினைப்பவருக்கு எமன், சுற்றிக்கொண்டிருப்பவருக்கு உதவி. ஓடுபாதையும் கண்ணெதிரே இருக்கிறது.

சிமுலேட்டரில் வராதவை உண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பதற்றம், அந்த இரைச்சல், மழையில் திரும்பி வந்து இறங்க வேண்டிய ஓடுபாதை. அதையெல்லாம் எடை போட என் அனுபவம் போதாது. பயணிகள் இல்லாமல், சக்கரம் வெளியே இருப்பதற்கென்றே உள்ள அட்டவணையில் எரிபொருள் பார்த்து, பழுது பார்க்கும் தளத்துக்கு ஓட்டிப் போவதும் நடைமுறையில் இருக்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே கணக்கு கிளம்புவதற்கு முன்பே போட்டாகிவிடுகிறது.