ரத்த உறைவு மாதிரி: கிளினிக்கிலேயே பிரிப்பதா, பாளையங்கோட்டைக்கு அனுப்புவதா?

அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் என்று பல ஊர்க் கிளினிக்குகளைச் சேர்த்து ரத்த உறைவு ஆய்வு நடத்துகிறவர்கள் இந்தக் கேள்வியில்தான் மாட்டுவார்கள்: ரத்தத்தைச் சுழற்றி, அணுக்கள் நீங்கிய திரவமான பிளாஸ்மாவை கிளினிக்கிலேயே பிரித்து உறைய வைப்பதா, ரத்தத்தை அப்படியே பாளையங்கோட்டை மைய லேபுக்கு அனுப்புவதா? எந்த வழியானாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் 3.2 சதவீத சிட்ரேட் உள்ள நீல மூடி டியூப்தான். கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிஞ்சி, உறையும் நேரம் பொய்யாக நீளும்.

செலவு
அனுப்பினால்: பெட்டி, வண்டி, ஆள்.
அங்கேயே பிரித்தால்: ஊருக்கு ஊர் சென்ட்ரிபியூஜ் (சுழற்றிப் பிரிக்கும் மெஷின்), ஃப்ரீசர், கரண்ட் போனால் ஜெனரேட்டர்.

நேரம்
அனுப்பினால்: உறையும் நேரத்தை அளக்கும் இரண்டு சோதனைகளில் பி.டி. மட்டும் என்றால் 24 மணி நேரம் தாங்கும், ஏ.பி.டி.டி.க்கு 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நல்லெண்ணத்தில் ஐஸ் வைப்பார்கள், அதுதான் வினை. காரணி என்றால் ரத்தம் உறைய உதவும் புரதம்; குளிரில் ஏழாம் காரணி தூண்டப்படும், வான் வில்லிபிராண்ட் காரணி குறையும். சித்திரை வெயிலில் வண்டிக்குள் வேகவிடவும் கூடாது.
அங்கேயே பிரித்தால்: மைனஸ் 70 டிகிரி செல்சியஸில் உறைந்த பிளாஸ்மா மாதக்கணக்கில் காத்திருக்கும். டிரை ஐஸில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஒரே நடையாக எடுக்கலாம்.

தரம்
அனுப்பினால்: ஒரே மெஷின், ஒரே கை.
அங்கேயே பிரித்தால்: கைக்குக் கை மாறும். இரண்டு முறை சுழற்றி, பிளாஸ்மாவுக்கு அடியிலிருக்கும் வெள்ளைப் படலத்தைத் தொடாமல் பிளாஸ்மாவை உறிஞ்ச வேண்டும். மைக்ரோலிட்டருக்கு 10,000 பிளேட்லெட்டுக்குக் (ரத்தத் தட்டுகள்) கீழ் இருந்தால்தான் உறைய வைக்கலாம். தானே பனி உருக்கும் ஃப்ரீசர் ஆகவே ஆகாது.

பி.டி. மட்டும் பார்க்கும் சின்ன ஆய்வென்றால் அனுப்பிவிடுங்கள். எட்டாம் காரணி, லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் (உறைவுச் சோதனையில் குறுக்கிடும் எதிர்ப்புப் புரதம்) என்று போனால், பயிற்சி கொடுத்து அங்கேயே பிரிக்கச் சொல்வேன்.