மறைமாவட்டத் திருமணத் தயாரிப்பு வகுப்பு: ஒரு பிற்பகலுக்காகவே போகலாம்

கோவிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசிப்பதற்கு முன் சான்றிதழ் வேண்டும் என்று பங்குத்தந்தை கேட்டதால்தான், எங்கள் கத்தோலிக்க மறைமாவட்டம் நடத்தும் இரண்டு நாள் திருமணத் தயாரிப்பு வகுப்பில் நானும் எனக்கு நிச்சயிக்கப்பட்டவரும் சேர்ந்தோம். முதல் நாள் முற்பகலில் சேமிப்பு, புகுந்த வீட்டு உறவு என்று ஏற்கெனவே கேட்டறிந்தவற்றையே சொன்னார்கள். பிற்பகலில் மூத்த அருட்தந்தை ஒருவர் எடுத்த வகுப்புதான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது.

அவர் மணமக்களின் வாக்குறுதியைக் கரும்பலகையில் எழுதி, ‘பிரமாணிக்கமாயிருந்து’ (உண்மை தவறாதிருந்து) என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் கோடிட்டார். ஒருவனுக்கு ஒருத்தி என்பது எண்ணிக்கைக் கணக்கு அன்று, தன்னைப் பங்கு போடாமல் முழுமையாகக் கொடுப்பது என்றார். விவிலியத்தில் வரும் ஆபிரகாமுக்கும் யாக்கோபுக்கும் ஒரு மனைவியோடு வாழ்க்கை நின்றுவிடவில்லை என்பதை மறைக்காமல், ஆபிரகாமின் மனைவியரான சாராவுக்கும் ஆகாருக்கும் இடையே மூண்ட கசப்பையும், யாக்கோபின் மனைவியாகியும் அவர் அன்பு கிடைக்காத லேயாவின் ஏக்கத்தையும் விரித்துச் சொன்ன பிறகு அவர் வாசித்ததால், ‘இனி அவர்கள் இருவர் அல்ல, ஒரே உடல்’ என்ற இயேசுவின் சொல் எனக்குப் புதிதாகக் கேட்டது.

திருமணத்தின் நன்மைகளாகப் பண்டைத் திருச்சபை அறிஞரான புனித அகுஸ்தினார் பிள்ளைப்பேறு, பிரமாணிக்கம், அருளடையாளம் (பிரிக்க முடியாத புனிதப் பிணைப்பு) ஆகிய மூன்றைச் சொன்னதையும், 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பிள்ளைப்பேற்றையே முதன்மை நோக்கமாக வைத்திருக்க, 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித் தரம் பிரிக்காமல் தம்பதியரின் நலனையும் பிள்ளைப்பேற்றையும் சேர்த்தே சொல்வதையும் அவர் விளக்கியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “பிள்ளை இல்லாவிட்டால் அந்தத் திருமணம் குறையுள்ளதா, ஃபாதர்?” என்று கேட்டார். பிள்ளைப்பேறு இல்லாமை திருமணத்தைத் தடுப்பதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்ற 1084-ஆம் சட்டப் பிரிவை அவர் இருமுறை நிறுத்தி வாசித்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிள்ளையில்லாத என் அத்தையைச் சுப காரியங்களில் ஒதுக்கி நிறுத்தியவர்களும், மாமாவுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று துணிந்து பேசியவர்களும் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

குறையும் உண்டு. இயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரை மணி நேரமே ஒதுக்கினார்கள். அதில் கேள்வி கேட்க இடமில்லை. மாற்றுச் சமயத்தவரை மணக்கவிருந்தவர்களுக்குத் தனி வகுப்பு வைக்காதது பெரிய குறை.

நிச்சயம் முடிந்த கையோடு போய்விடுங்கள். பிள்ளை பிறக்காமல் போனால் என்ன செய்வோம் என்று நாங்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில்தான். அதைப் பேசி முடிக்க, திருமணத்துக்கு முன் எங்களுக்கு இன்னும் மூன்று வாரங்களே இருந்தன.